மருத்துவப் படிப்புக்கு முந்திய படிப்பு



மெர்சிங் போன்ற கடலோரச் சிற்றூரிலும் மருத்துவக் கனவு காணும் பிள்ளைகள் உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை ‘ஏ’ வேண்டும், மெட்ரிகுலேஷனா எஸ்.டி.பி.எம்.மா என்றே பெற்றோர் என்னிடம் வினவுகின்றனர். தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற ஐயமும் சிலருக்கு உண்டு. இவ்வையம் புதிதன்று. மலாயாவின் இரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் பலரை அனுப்பிய யாழ்ப்பாணத்தில், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இது எழுந்தது.

அமெரிக்காவில் இன்று இளங்கலைப் பட்டம் பெற்ற பின்னரே பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரியில் சேர்கின்றனர். எத்துறையில் பட்டம் பெற்றாலும், உயிரியல், வேதியியல், இயற்பியல் அடிப்படைகளைக் கற்றிருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அத்தகைய முற்படிப்பாக அமைந்தது வட்டுக்கோட்டை செமினரி. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் அதனை நிறுவினர். கணிதம், வானியல், இயற்கை அறிவியல் ஆகியவற்றோடு தமிழும் ஆங்கிலமும் அங்கே ஆழமாகக் கற்பிக்கப்பட்டன. அதன் தரம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடத்தக்கது என எமர்சன் டெனன்ட் 1850இல் வெளியிட்ட நூலில் பாராட்டினார்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். செமினரியில் பயின்றோருக்கு அது பெருந்தடையாகவில்லை. ஆனால் தேர்ச்சி பெற்றோர் பலர் நல்ல ஊதியம் தேடி வெளியூர் சென்றனர். (அவர்களைக் குறை கூறுவதற்கில்லை, நம் முன்னோரும் பிழைப்புத் தேடி வந்தவர்களே.) கிராமத்திலேயே தங்கும் மருத்துவரை உருவாக்க விரும்பினார் கிறீன். இதற்கிடையே, ஆங்கிலக் கல்வி மாணவரை அலுவலக வேலைக்கே இழுக்கிறது என்று கருதிய மிஷன், 1855இல் செமினரியை மூடிவிட்டது.

இனி வரும் மாணவனிடம் அந்த ஆங்கில அடிப்படையை எதிர்பார்ப்பது எங்ஙனம்? கிறீன் பாடத்தையே தமிழுக்குக் கொண்டுவந்தார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவம் எனத் தாமும் தம் மாணவரும் மொழிபெயர்த்த நூல்கள் 4000 பக்கங்களைக் கடந்தன. 1867இல் வெளிவந்த ‘இரண வைத்தியம்’, 1872இல் வந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆகியவை அவற்றுட் சில. தமிழில் சொல் உண்டாயின் அதனையே எடுத்தார். இல்லையேல் வடமொழியை நாடினார். அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைவித்தார். வேதியியல் நூல் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரைப் பெற்றது அவ்வாறே. வேதியியலும் உடற்கூறும் அறியாதவனை நோயாளியிடம் அனுப்ப அவர் ஒருப்படவில்லை என்பதை இந்நூல் வரிசையே காட்டுகிறது. மொழியை மாற்றினாரேயன்றி, அடிப்படையைக் குறைக்கவில்லை. நமது ஐயத்திற்கு இதில் விடை இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

அவர் பயிற்றிய மருத்துவர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவருள் 33 பேர் தமிழிலேயே கற்றவர்கள். ஆயினும் 1870இல் கொழும்பில் தொடங்கிய அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திலேயே நடந்தது. தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் கிறீன் தமிழ் நூற்பணியைக் கைவிடவில்லை; 1884இல் மறையும்வரை அது தொடர்ந்தது.