வினாவும் விடையும்: அயர்லாந்து நாடாளுமன்றத்தில் தாமஸ் ஜான்சன் (1922–1927)

முன்னுரை

அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என வினாவை ஆறாகவும், விடையை எட்டாகவும் பகுத்துக் காட்டுவார் நன்னூலார். இப்பகுப்பு இருவர் உரையாடலுக்கு மட்டுமன்றி, ஆள்வோரை நோக்கி மக்களின் சார்பாளர் எழுப்பும் வினாக்களுக்கும் பொருந்துவதாகும். நாடாளுமன்றத்தில் எழுப்பப்படும் வினா பெரும்பாலும் அறியாமையால் எழுவதன்று. கேட்பவர் விடையை ஓரளவு அறிந்தே கேட்கிறார். அவ்விடையை அமைச்சர் தம் வாயாற் கூறி, அது ஏட்டில் பதியவேண்டும் என்பதே அவரது நோக்கம். உள்நாட்டுப் போரின் நடுவே கூடிய அயர்லாந்தின் டாய்ல் அவையில், தொழிலாளர் கட்சித் தலைவர் தாமஸ் ஜான்சன் ஆற்றிய பணியை இந்நோக்கில் ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

அவையின் அமைப்பு

1921 டிசம்பரில் பிரிட்டனுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கை அயர்லாந்து விடுதலை இயக்கத்தை இரண்டாகப் பிளந்தது. 1922 ஜூன் 16இல் நடைபெற்ற தேர்தலில் மொத்தம் 128 இடங்களில் உடன்படிக்கையை ஆதரித்தோர் 58 இடங்களையும், எதிர்த்தோர் 36 இடங்களையும் பெற்றனர். 18 வேட்பாளர்களை நிறுத்திய தொழிலாளர் கட்சி 17 இடங்களை வென்றது. அடுத்த பன்னிரண்டு நாள்களில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆகஸ்டு மாதத்தில் ஆர்தர் கிரிஃபித், மைக்கேல் காலின்ஸ் ஆகிய இரு தலைவர்களும் பத்து நாள் இடைவெளியில் மறைந்தனர். செப்டம்பர் 9இல் அவை கூடியபோது உடன்படிக்கையை எதிர்த்தோர் அதனைப் புறக்கணித்தனர். எனவே எதிர்க்கட்சிக்குரிய கடமை முழுவதும் தொழிலாளர் கட்சியின்மீது விழுந்தது.

அக்கட்சிக்குத் தலைமை ஏற்ற ஜான்சன் 1872இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தவர். இளமையிலேயே பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றவர். வணிக நிறுவனங்களின் விற்பனை முகவராக அயர்லாந்தில் வாழ்ந்து, தொழிற்சங்க இயக்கத்தில் உயர்ந்தவர். 1919 ஜனவரி 21இல் முதலாம் டாய்ல் ஏற்றுக்கொண்ட சனநாயகத் திட்டத்தின் மூல வரைவு அவருடையதாகும். அவர் ஆங்கிலேயர் என்பதனை மாற்றார் சுட்டிப் பழித்ததும் உண்டு.

அவருடைய நிலை இரு புறமும் இடர் சூழ்ந்தது. அவையில் அமர்ந்ததனால் குடியரசுவாதிகள் அவரை அரசுக்குத் துணைபோனவராகக் கருதினர். அரசைக் கேள்வி கேட்டதனால் அரசினர் அவரைக் கலகக்காரர்களுக்கு இடங்கொடுப்பவராகக் கருதினர். ஆயுதப் போராட்டத்தை ஆதரிக்காமலேயே அரசின் ஆயுதத்திற்கு வரம்பு கேட்பதே அவர் மேற்கொண்ட நெறி எனலாம்.

மரண தண்டனைகளும் வினாக்களும்

1922 செப்டம்பர் இறுதியில் அரசு ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தது. அதன்படி, உரிய அனுமதியின்றி ஆயுதம் வைத்திருத்தல் உள்ளிட்ட குற்றங்களுக்கு இராணுவ நீதிமன்றங்கள் மரண தண்டனை வரை விதிக்கலாம். தொழிலாளர் கட்சி இதனை எதிர்த்தது. தீர்மானம் நிறைவேறியது.

நவம்பர் 17 காலை, டப்ளினில் நான்கு இளைஞர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். கைத்துப்பாக்கி வைத்திருந்ததே அவர்கள்மீதிருந்த குற்றச்சாட்டு. அன்றே இச்செய்தி அவையில் விவாதத்திற்கு வந்தது. பாதுகாப்பு அமைச்சர் ரிச்சர்ட் மல்காஹி, நாட்டின் நிலை இத்தகைய நடவடிக்கையைத் தேவையாக்கிவிட்டது என்றார். உள்துறை அமைச்சர் கெவின் ஓ'ஹிக்கின்ஸ், முதலிலேயே பெயர்பெற்ற தலைவர் ஒருவரைத் தண்டித்திருந்தால், அவர் தலைவர் என்பதாலோ ஆங்கிலேயர் என்பதாலோ கொல்லப்பட்டார் என்று பிறர் எண்ணியிருக்கக்கூடும் என்னும் கருத்துப்பட விளக்கம் கூறினார். ஒரு வாரத்தில், நவம்பர் 24இல், லண்டனில் பிறந்தவரும் குடியரசுத் தரப்பின் முதன்மையான எழுத்தாளருமாகிய எர்ஸ்கின் சில்டர்ஸ் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இவ்விடைகள் நன்னூலார் கூறும் இனமொழி விடையை ஒத்திருத்தல் குறிப்பிடத்தக்கது. குறிப்பிட்ட நால்வரின் சாவு குறித்து எழுந்த பேச்சுக்கு நாட்டின் பொதுநிலை விடையாக வருகிறது. விடை பொய்யன்று, ஆயினும் வினாவின் மேல் அது நிற்கவில்லை. நன்னூலாரின் பகுப்பில் இதுவும் விடையாகவே கொள்ளப்படும். ஆனால் நாடாளுமன்ற மரபில் இது மறுவினாவுக்கு இடந்தருகிறது. அம்மறுவினாவைத் தொடுக்க ஒருவர் அவையில் இருத்தல் வேண்டும்.

டிசம்பர் 8

1922 டிசம்பர் 6இல் ஐரிஷ் சுதந்திர அரசு முறைப்படி தோன்றியது. மறுநாள், அவை உறுப்பினர் ஷான் ஹேல்ஸ் டப்ளின் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடன் சென்ற துணைத்தலைவர் போட்ரிக் ஓ மாலியே காயமுற்றார். அதற்கு அடுத்த நாள் விடியலில், மவுண்ட்ஜாய் சிறையில் இருந்த ரோரி ஓ'கானர், லியாம் மெல்லோஸ், ஜோ மெக்கெல்வி, டிக் பாரெட் ஆகிய நால்வரை அரசு சுட்டுக்கொன்றது. நால்வரும் போரின் தொடக்கத்திலேயே சிறைப்பட்டவர்கள். செப்டம்பர்த் தீர்மானம் பிறப்பதற்கு முன்பே அவர்கள் காவலில் இருந்தனர். அவர்கள்மீது விசாரணை எதுவும் நடைபெறவில்லை. ஹேல்ஸின் கொலைக்குப் பழியாகவும் பிறருக்கு எச்சரிக்கையாகவும் இது செய்யப்பட்டது என அரசே வெளிப்படையாக அறிவித்தது.

இங்கு விடை நேர்விடையாக அமைந்துவிட்டது, மறைக்க எதுவுமில்லை. எனவே ஜான்சனின் பேச்சு வினாவாக அமையாமல் குற்றச்சாட்டாக வடிவெடுத்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகச் சொற்களைக் கையாண்டு அச்செயலைக் கொலை என்றே அவர் பெயரிட்டார். அந்நால்வரும் ஐந்து மாதங்களாக அரசின் காவலில் இருந்தவர்கள் என்பதனையும், அவர்களைக் காப்பது சட்டத்தின் காவலர்களாகிய ஆள்வோரின் கடமை என்பதனையும் எடுத்துரைத்தார். பிறந்து இரண்டே நாளான அரசை அதன் பிறப்பிலேயே கொன்றுவிட்டதாகவும் இடித்துரைத்தார். ஓ'ஹிக்கின்ஸின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவர் ரோரி ஓ'கானர். விடையளிக்க எழுந்த ஓ'ஹிக்கின்ஸ் பேச்சின் நடுவே உணர்ச்சி மேலிட்டுத் தளர்ந்தார். அவையில் பெரும்பான்மை அரசின் பக்கமே நின்றது.

தண்டனைகள் இதனோடு நிற்கவில்லை. போர் முடிவதற்குள் மரண தண்டனைக்கு உள்ளானோர் 77 பேர் என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு. எனவே ஜான்சனின் குரல் கொலைகளைத் தடுத்து நிறுத்தியது எனக் கூறுதல் இயலாது. எனினும் விசாரணையற்ற கொலைக்கு அவையே உடன்பட்டது என்று வரலாறு எழுதாதபடி அக்குரல் தடுத்தது.

விடை பொய்க்கும்போது

வினாவின் எல்லையைக் காட்டும் நிகழ்வொன்றும் அக்காலத்தில் நேர்ந்தது. 1923 மார்ச் 6இல் கெரி மாவட்டத்தின் நாக்நகோஷலில் கண்ணிவெடியில் சிக்கி அரசுப் படையினர் ஐவர் இறந்தனர். மறுநாள் பாலிசீடியில் குடியரசுக் கைதிகள் ஒன்பது பேரைப் படையினர் ஒன்றாகக் கட்டிக் கண்ணிவெடியை வெடிக்கச் செய்தனர். எண்மர் மாண்டனர். கெரி நிகழ்ச்சிகள் குறித்து ஏப்ரலில் அவையில் பேச்செழுந்தபோது, படையினர்மீது குற்றமில்லை எனக் கண்ட இராணுவ விசாரணையின் முடிவை மல்காஹி படித்துக் காட்டினார். அவ்விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் கெரிப் படைகளின் தளபதியாகிய பேடி டேலி என்பவரே. தன் செயலைத் தானே விசாரித்துத் தந்த விடை அது. வெடியிலிருந்து உயிர்தப்பிய ஒன்பதாமவர் ஸ்டீவன் ஃபுல்லர், 1937இல் அதே டாய்ல் அவைக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமைச்சர் அன்று படித்த விடை இன்றும் அவை ஏட்டில் உள்ளது. விடை பொய்யாயினும் அது பதிவானமையால், பின்வந்தோர் அதனை உண்மையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

வறுமையும் வரவு செலவும்

போர் ஓய்ந்த பின்னர்த் தொழிலாளர் கட்சியின் கவனம் வேலையின்மை, ஊதியம், முதியோர் உதவித்தொகை ஆகியவற்றின்மீது சென்றது. 1924இல் நிதியமைச்சர் எர்னஸ்ட் பிளைத் முதியோர் உதவித்தொகையின் உச்ச அளவை வாரத்திற்கு 10 ஷில்லிங்கிலிருந்து 9 ஷில்லிங்காகக் குறைத்தார். அதே ஆண்டு வேலையின்மை பற்றிய விவாதத்தில், தொழில் வணிக அமைச்சர் பேட்ரிக் மெக்கில்லிகன், நாட்டில் மக்கள் பட்டினியால் சாக நேரிடலாம் என்னும் கருத்துப்படப் பேசினார். எதிர்க்கட்சி தொடர்ந்து வேலை கேட்டதன் விளைவாகவே ஆள்வோரின் உள்ளக்கிடக்கை இவ்வாறு சொல்வடிவம் பெற்றது. பிற்காலத்தில் அவ்வாட்சியைக் குறைகூறியோர் பலரும் எடுத்துக்காட்டிய கூற்று இதுவேயாகும்.

1927: வெற்றியின் விளிம்பு

அவைக்கு வெளியே நின்ற குடியரசுவாதிகள் உள்ளே வரவேண்டும் என்பது ஜான்சனின் நெடுநாளைய விருப்பம். 1927 ஜூலை 10இல் ஓ'ஹிக்கின்ஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். அதனையடுத்து அரசு கொண்டுவந்த சட்டத்தால், டி வலேராவின் ஃபியனா ஃபோயில் கட்சி ஆகஸ்டில் அவைக்குள் நுழைந்தது. ஆகஸ்டு 16இல் ஜான்சன் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தீர்மானம் வென்றால் ஆட்சித் தலைமை அவருக்கே வரும் நிலை இருந்தது. தேசிய லீக் உறுப்பினர் ஜான் ஜிங்க்ஸ் அவைக்கு வரவில்லை. வாக்குகள் 71க்கு 71 எனச் சமமாயின. அவைத்தலைவர் மைக்கேல் ஹேய்ஸின் வாக்கு அரசைக் காத்தது. செப்டம்பரில் மறுதேர்தல் நடைபெற்றபோது தொழிலாளர் கட்சி 22 இடங்களிலிருந்து 13 இடங்களுக்குத் தாழ்ந்தது; ஜான்சனும் தம் இடத்தை இழந்தார். எவர் உள்ளே வரவேண்டுமென விழைந்தாரோ அவர்கள் வந்தமையால் எதிர்க்கட்சி என்னும் இடமும் அவர் கட்சியின் கையைவிட்டு நீங்கியது. பின்னர் 1936 வரை மேலவையில் பணியாற்றிய அவர் 1963இல் காலமானார்.

முடிவுரை

ஐந்தாண்டுக் காலத்தில் ஜான்சன் ஆட்சியைக் கைப்பற்றவில்லை. மரண தண்டனையை நிறுத்தவில்லை. குறைக்கப்பட்ட ஒரு ஷில்லிங்கை உடனே மீட்கவுமில்லை. எனினும், போர்க்காலத்திலும் அமைச்சர் எழுந்து நின்று விடை கூறியாக வேண்டும் என்னும் வழக்கத்தை அவர் நிலைபெறச் செய்தார். ஆட்சியை இழந்தோர் 1932இல் அமைதியாக அதனை மாற்றாரிடம் ஒப்படைத்தமைக்கு இவ்வழக்கமும் ஒரு காரணமெனலாம். 1919இல் அவர் வரைந்த சமூக நோக்கு அரசியல் சட்ட வடிவம் பெறுவதற்கு நீண்ட காலம் பிடித்தது. 1937ஆம் ஆண்டு அயர்லாந்து அரசியல் சட்டம் சமூகக் கொள்கைக்கான நெறிமுறைகளைக் கொண்டிருந்தது. இந்திய அரசியல் சட்டத்தின் நான்காம் பகுதி அவற்றை முன்மாதிரியாகக் கொண்டது.

வினாவுக்கு விடை இன்றியமையாதது என்பது இலக்கண நூலார் கருத்து. விடை கிடையாதபோதும், விடை பொய்க்கும்போதும் வினா தன் பயனை இழப்பதில்லை என்பதனை டாய்ல் அவையின் ஏடுகள் உணர்த்துகின்றன.