"எழும்பி நடப்பாரா?" – ஒரு கேள்வியின் வரலாறு



சில வருடங்களுக்கு முன் மரத்திலிருந்து விழுந்த ஒருவரின் ஸ்கேன் ரிப்போர்ட்டை எங்களிடம் கொண்டு வந்தார்கள். இங்கிலிஷ் தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கை. நாங்களும் வரிக்கு வரி மொழிபெயர்த்தோம். "இனிச் சரிவராது" என்று வீட்டார் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறோம்.

சுமார் 3600 வருடப் பழமையான எகிப்திய பப்பிரசுச் சுருள் ஒன்று, கழுத்தெலும்பு விலகிக் கைகால் உணர்வு போனவரை வைத்தியம் செய்ய முடியாதவர் என்கிறது. 1895இல் ரொன்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்த பிறகும் தெளிவாகத் தெரிந்தது எலும்புதான். அதற்குள் ஓடும் முண்ணாண், நம் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் படிக்கும் அதே முண்ணாண், மறைந்தே இருந்தது.

1954இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டொக்டர் மேரி வர்கீஸ் வாகன விபத்தில் சிக்கினார். முண்ணாணுக்குள் என்ன சேதம் என்று காட்டும் கருவி அன்று இல்லை. கால்கள் திரும்பவேயில்லை. அவரோ சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டதும் அவரது உழைப்பால்தான். நடக்க முடியாது என்றான பிறகு அவர் செய்த வேலை இவ்வளவு!

1970களில் லோட்டர்பர், மான்ஸ்ஃபீல்ட் போன்றோர் வளர்த்த எம்.ஆர்.ஐ. முறைதான் முண்ணாணின் உள்ளே பார்க்க வழி செய்தது. இருவருக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே இரத்தம் கசிந்திருந்தால் மீள்வது கடினம், வீக்கம் மட்டும் என்றால் நம்பிக்கை கூடுதல் என்று வைத்தியர்கள் படத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்கள்.

2017இல் சூரிச் ஆய்வாளர்கள் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். காயத்தின் ஓரத்தில் அறுபடாமல் மிஞ்சிய இழையத்தை மில்லிமீற்றரில் அளந்தார்கள். அதற்குப் பாலம் என்றே பெயர். வெள்ளத்தில் போன பாலத்தில் ஒரு பலகை மிஞ்சினாலும் ஆள் கடக்கலாம் அல்லவா? பாலம் அகலமாக இருந்தவர்கள் பின்னர் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஆனால் அதை அளந்தது விபத்து நடந்து ஒரு மாதமளவில். முதல் நாட்களில் வீக்கமும் இரத்தமும் அதை மறைத்துவிடும்.

நாங்கள் மொழிபெயர்த்தது விபத்து நடந்த மறுநாள் எடுத்த படம். திகதியைப் பார்க்கவேயில்லை. ஊசிமுனையால் தொட்டு உணர்வு பார்க்கும் பரிசோதனை இன்றும் ஸ்கேனுக்குச் சமமாக முக்கியம் என்பதும் அன்று எங்களுக்குத் தெரியாது.

இனி யாராவது ரிப்போர்ட் கொண்டு வந்தால் திகதியைப் பார்ப்போம், அர்த்தத்தை டொக்டரிடமே கேட்கச் சொல்வோம். ராகமையிலும் கண்டிக்குப் பக்கத்தில் திகனையிலும் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் இருக்கின்றன. அங்கே போய்வர வழி தெரியாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள், கடிதம் எழுதித் தருகிறோம்.