பீரங்கி மேட்டில் ஒரு பேரல்

ஏர்சாஃப்ட் ஸ்னைப்பர் கட்டுற நண்பர் யாராவது இருந்தா, "எதை அப்கிரேட் பண்ணுவ?"ன்னு கேட்டுப் பாருங்க. சீக்கிரமே பேச்சு பேரலுக்கு வந்துடும். குண்டு 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. கூட வர்ற பேரல் 6.08 இருந்தா, அதைக் கழட்டிட்டு 6.03 போடுவாங்க. இடைவெளி குறைஞ்சா காத்து கசியாது, குண்டும் பக்கச் சுவர்ல அதிகம் முட்டாது.

இதே இடைவெளிப் பிரச்சினை தஞ்சாவூர்ல 400 வருஷமா வெயில்ல கிடக்கு. கீழவாசல் பக்கம் பீரங்கி மேடு. அதுமேல ராஜகோபால பீரங்கி. ரகுநாத நாயக்கர் காலத்தது. சுமார் ஏழரை மீட்டர் நீளம், 22 டன் எடை. வாய்க்குள்ள விட்டம் 63 சென்டிமீட்டர். ஏர்சாஃப்ட் பேரலைவிட நூறு மடங்கு!

இதை யாரும் வார்க்கலை. அன்னைக்கு நம்ம ஊர் உலைகள்ல இரும்பு உருகி ஓடாது, கட்டியாத்தான் கிடைக்கும். அதை அடிச்சு அடிச்சுப் பட்டையாக்கணும். அப்படி 43 நீளப் பட்டைகளைச் சுத்திவர நிறுத்திக் குழாயாக்கி, அதுமேல இரும்பு வளையங்களை ஏத்தியிருக்காங்க. வெளி அடுக்குல மட்டும் 94 வளையம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுறதை நினைச்சுக்கோங்க: பழுக்கக் காய்ச்சி மாட்டினா, ஆறும்போது சுருங்கி இறுக்கிப் பிடிச்சுக்கும்.

ஆனா நூத்துக்கணக்கான இணைப்புகள்ல ஒண்ணு பலவீனமா இருந்தாலும் ஆபத்துதான். இதே முறையில 1449-ல் செஞ்ச 'மான்ஸ் மெக்' பீரங்கி, பின்னாளில் எடின்பரோவில் மரியாதை வெடி போடும்போது வெடிச்சுப் பிளந்தது.

அடுத்து குண்டு. 60 சென்டிமீட்டர் கருங்கல் குண்டுன்னு வெச்சுக்கிட்டா, எடை 300 கிலோவைத் தாண்டும். சுத்தி ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. வெடிமருந்துப் புகையில ஒரு பங்கு அது வழியா வீணாப் போகும். குறியும் தப்பும்.

இதுக்கான அப்கிரேட் 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வந்தது. முழுசா வார்த்த உலோகத்தை நடுவுல துளைச்சு பேரல் ஆக்குற எந்திரத்தை ஸ்விட்சர்லாந்தின் மாரிட்ஸ் உருவாக்கினார். நேரான துளை, குறைஞ்ச இடைவெளி. அதனால மருந்தும் எடையும் குறைஞ்சது. இழுத்துட்டுப் போகவும் சுலபம்.

நம்ம பீரங்கியில பேரலைக் கழட்டி மாத்த முடியாது. ஏன்னா அது முழுக்கவே பேரல்தான்! எதிரி வர்ற பக்கமெல்லாம் அதைத் திருப்பிக்கிட்டு ஓடவும் முடியாது. 1773-ல் ஆற்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை தஞ்சாவூரைப் பிடிச்சு, ராஜா துளஜாவைச் சிறை வெச்சது. 22 டன் இரும்பு மேட்டுலயே இருந்தது.

அதுக்காக அந்தக் கொல்லர்களைக் குறைச்சு எடை போடாதீங்க. உருக்க முடியாத இரும்பை வெச்சு, அதால செய்யக்கூடிய உச்சத்தைத் தொட்டிருக்காங்க. அவங்க பேர் நமக்குக் கிடைக்கலை. அவங்க சம்மட்டி வேலை கிடைச்சிருக்கு. பெரிய கோயில் பார்த்துட்டுத் திரும்பும்போது அந்த மேட்டுக்கும் ஏறுங்க. வளையம் வளையத்தைத் தொடுற இடத்தைப் பாருங்க. பேர் மட்டும் கிறுக்காதீங்க.