சூசையப்பரும் யோசேப்பும்

திருகோணமலையில் புனித சூசையப்பர் கல்லூரியை அறியாதார் இல்லை. மரியாளின் கணவராகிய அந்தச் சூசையப்பரே புரட்டஸ்தாந்து சபையாரின் வேதாகமத்தில் யோசேப்பு. வீரமாமுனிவரின் தேம்பாவணியிலோ அவர் வளன். ஒருவருக்கு மூன்று பெயர்! கத்தோலிக்கரின் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் ஆகியோர் மற்றவர்க்குப் பேதுரு, பவுல், யோவான். இறைவனையும் ஒரு சாரார் சர்வேசுரன் என்றனர். மறுசாரார் பராபரன் என்றும் தேவன் என்றும் அழைத்தனர். ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் விழுந்த பிளவு நம் தமிழுக்குள்ளும் வேலி போட்டது.

புரட்டஸ்தாந்தருக்குள்ளும் ஒருமனம் இல்லை. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையுடன் ஆக்கிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தும் நிலைக்கவில்லை. 1871இல் முற்றுப்பெற்ற பவர் ஐயரின் திருத்தமே சபைகளில் நின்றது. சைவர் கை பட்ட தமிழ் கூடுதலாய் மணத்ததோ என்னவோ! 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகள் அதில் இணைந்தன. இலங்கையின் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் தனித்தே நின்றனர்.

1995இல் இரு சாரார் அறிஞரும் கூடிச் செய்த திருவிவிலியம் வந்தது. 'கடவுள்' என்ற பொதுச்சொல் அதில் அமர்ந்தது, சூசையப்பர் யோசேப்பானார். பெயர்களைப் பொறுத்தவரை விட்டுக்கொடுத்தவர் கத்தோலிக்கரே. ஆயினும் புரட்டஸ்தாந்து ஆலயங்கள் பலவற்றில் இன்றும் வாசிக்கப்படுவது பழைய திருப்புதல்தான்.