குதிரை போட்ட கணக்கு

1904-ல் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டது. சொந்தக்காரர் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கூட்டல், பின்னம், தேதி எதைக் கேட்டாலும் ஹான்ஸ் குளம்பால் தட்டி விடை சொல்லும். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் மனுஷன் ஒரு காசு வாங்கவில்லை. டார்வினுக்குப் பிறகு, விலங்குக்கு மனசு உண்டா என்று ஐரோப்பாவே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

உளவியல் பேராசிரியர் கார்ல் ஸ்டும்ப் தலைமையில் ஒரு குழு போய்ப் பார்த்தது. குழுவில் சர்க்கஸ்காரர்கூட இருந்தார். தில்லுமுல்லு இருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது இல்லையா? மோசடி எதுவும் இல்லை என்றே அறிக்கை வந்தது.

அப்புறம் ஸ்டும்பின் மாணவர் ஓஸ்கார் ஃபுங்ஸ்ட் களத்தில் இறங்கினார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாமல் பார்த்துக்கொண்டார்: ஹான்ஸ் தடுமாறியது. கேட்பவர் கண்ணில் படாதபடி குதிரைக்குக் கண்மறைப்பு போட்டார்: அப்பவும் தடுமாறியது. விஷயம் இதுதான். கேள்வி கேட்டதும் நாம் குளம்பைப் பார்க்க லேசாகக் குனிகிறோம். ஹான்ஸ் தட்ட ஆரம்பிக்கும். சரியான எண் வந்ததும் நம்மை அறியாமலே தலை இம்மியளவு நிமிரும், ஹான்ஸ் நிறுத்திவிடும்.

ஃபுங்ஸ்ட் இதோடு விடவில்லை. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆய்வகத்தில் தானே குதிரையாக மாறி, எதிரே இருப்பவர் மனசில் நினைத்த எண்ணைக் கையால் தட்டிக் காட்டினார். 25 பேரில் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரும் அதே தலையசைவில் விடையைக் காட்டிக்கொடுத்தார்கள். தலை அசைந்தது அவர்களுக்கே தெரியாது!

1907-ல் அவர் புத்தகம் வந்தது. கேட்பவருக்கும் விடை தெரியக் கூடாது என்ற எச்சரிக்கை ஆய்வுமுறைக்குள் வேரூன்றியதில் ஹான்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அது நல்ல பாடம். ஆனா கூடவே இன்னொன்றும் நடந்தது. விலங்கின் மனசைப் பற்றிப் பேசினாலே, “ஹான்ஸ் கதை தெரியாதா?” என்று வாயை அடைக்க ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. 1913-ல் அமெரிக்காவில் ஜான் வாட்சன், உளவியலுக்கு நனவு என்ற பேச்சே வேண்டாம், நடத்தை போதும் என்றார். அந்தக் காற்று பல பத்தாண்டுகள் அடித்தது.

எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது, சரி. ஆனால் ஸ்டும்பின் குழுவே கவனிக்கத் தவறிய அசைவை அது கவனித்தது. அதுவும் யாரும் சொல்லிக்கொடுக்காமல், வாத்தியார் கொடுத்த கேரட்டுக்காகத் தானே கற்றுக்கொண்டது. இதை வைத்து அதற்கு நனவு இருந்தது என்று நிரூபித்துவிட முடியாதுதான். அசைவைக் கவனிப்பது வேறு, உள்ளே ஓர் அனுபவம் இருப்பது வேறு. ஆனா நம்ம பள்ளிக்கூடப் பரீட்சையில் ஃபெயில் ஆச்சு என்பதற்காக அது வெறும் இயந்திரம் என்றும் ஆகிவிடாதே?

ஃபான் ஆஸ்டன் கடைசிவரை ஃபுங்ஸ்டின் முடிவை ஏற்கவில்லை. 1909-ல் இறந்துபோனார். ஹான்ஸ், எல்பர்ஃபெல்டில் இருந்த கார்ல் க்ரால் என்ற வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தது. அவரும் வேறு சில குதிரைகளை வாங்கி, திரும்பவும் கணக்குதான் சொல்லிக்கொடுத்தார்.