தரங்கம்பாடியும் ஹாலேயும்: ஒரு கல்வி உறவின் வரலாறு

நம் இறையியற் கல்லூரிகள் கடல்கடந்த கல்லூரிகளோடு கொண்டுள்ள உறவைப்பற்றிப் பேசும்போது, கொடுப்போர் அவர்கள், பெறுவோர் நாம் என்னும் எண்ணம் நம்மையறியாமலே உள்ளத்தில் இடம்பெற்றுவிடுகிறது. இவ்வெண்ணம் எந்த அளவிற்குச் சரியானது? இத்தகைய உறவுகளுள் மிகப் பழமையான ஒன்றை ஆராய்ந்து விடை காண முயல்வோம்.

ஜெர்மனியில் ஹாலே நகரை அடுத்த கிளௌகாவில், ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1695-ஆம் ஆண்டில் ஏழைச் சிறுவருக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். நாளடைவில் அது அநாதை இல்லம், அச்சகம், மருந்தகம், பல தரப்பட்ட பள்ளிகள் ஆகியவற்றைக் கொண்ட பெரும் நிறுவனமாக வளர்ந்தது. ஹாலேயில் பயின்ற சீகன்பால்கும் புளூட்சோவும், டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்கால் அனுப்பப்பெற்று, 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அடுத்த ஆண்டிலேயே அங்குப் பள்ளிகள் எழுந்தன. பெண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர்.

எனினும், கற்பிக்க வந்த சீகன்பால்க் முதலில் தாமே மாணவரானார். முதிய தமிழாசிரியர் ஒருவர் தம் மாணாக்கரோடு அவர் இல்லத்திற்கு வந்து பள்ளியை நடத்தினார். சிறுவர் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத, மிஷனெரியும் அவர்களோடு அமர்ந்து எழுதிப் பழகினார்.

இவ்வாறு தொடங்கிய உறவில் இரு திசையிலும் அறிவுச் செல்வம் பயணம் செய்தது. ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் 1713-இல் தரங்கம்பாடியை அடைந்தன. மிஷனெரிமாரின் வினாக்களுக்குத் தமிழர் விடையாக எழுதிய 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. சமயம் மட்டுமன்றி, மருத்துவம், வானநூல், இல்லற வழக்கங்கள் எனப் பலவும் அவற்றில் இடம்பெற்றன. 1714-இல் சீகன்பால்கோடு ஐரோப்பா சென்ற மலையப்பன், 1716-இல் ஹாலேயில் வெளியான தமிழ் இலக்கண நூலின் பணியில் அவருக்குத் துணை நின்றார். தமிழ் ஓலைச்சுவடிகளும் ஹாலேயின் சேகரத்தில் இடம்பெற்றன.

ஆயினும் இவ்வுறவுக்கு ஓர் எல்லையும் இருந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப்பற்றிச் சீகன்பால்க் 1713-இல் எழுதியனுப்பிய நூலை ஹாலே அச்சிட மறுத்தது. புறச்சமயச் செய்திகளை ஐரோப்பாவில் பரப்புவது மிஷனெரியின் பணியன்று என அங்குள்ளோர் கருதினர். அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. தம் ஊழியர் கற்றதை ஏற்க அனுப்பியோர் ஆயத்தமாயில்லை.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின், இதே மணல் மற்றொரு வரலாற்றைத் தோற்றுவித்தது. 1789-இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துக் குருவானவர் ஆண்ட்ரு பெல், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். முன்னேறிய மாணவரைக்கொண்டே மற்றவருக்குக் கற்பிக்கச் செய்தார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையின் பயனாக, இம்முறை ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுடைய பள்ளிகளில் பரவியது.

மணலெழுத்தைத் தமிழ்ப் பள்ளியில் கண்டதாகப் பெல் ஒப்புக்கொண்டார். ஆனால் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் கண்டுபிடிப்பென்றே கருதினார். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடஞ் சொல்லும் வழக்கத்தை அறிந்த நாம், இதனை அவ்வாறே ஏற்கத் தயங்குகிறோம்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? இரு பள்ளிகளின் உறவு, பணமும் நூல்களும் கைமாறுவதால் மட்டும் நிறைவடைவதில்லை. இரு திறத்தாரும் ஒருவரிடம் ஒருவர் கற்க அமரும்போதே நிறைவடைகிறது. சீகன்பால்கின் பெயரை நம் திருச்சபைகள் நன்றியோடு நினைவுகூருகின்றன. அது தகுதியே. ஆனால் அவருக்கு எழுத்தறிவித்த முதியவர் நம் நூல்களில் ‘ஓர் ஆசிரியர்’ என்றே நிற்கிறார். அவரை மறந்து எழுதப்படும் திருச்சபை வரலாறு பாதி வரலாறே. வெளிநாட்டுக் கல்லூரியோடு புதிய உறவொன்றை நாடும்போது, ‘எதைப் பெறப்போகிறோம்’ என்பதோடு, ‘நம்மிடம் கற்க அவர்கள் எங்கே அமரப்போகிறார்கள்’ என்றும் கேட்கக் கடவோம்.