சவுவார்-ஃபேர்: விருந்தறைக்குப் போன சொல்லும் மரக்காணம் உப்பளமும்

முன்னுரை

‘செய்யத் தெரிந்திருத்தல்’ என்பதே ‘சவுவார்-ஃபேர்’ என்ற பிரெஞ்சுத் தொடரின் நேர்ப்பொருள். தச்சர், நெசவாளர், உப்பளத்தார் என எவருடைய தொழிலறிவையும் பிரெஞ்சுக்காரர் இதனால் குறிப்பர். ஆங்கிலத்திலோ, சபையில் யாரிடம் எதை எப்படிப் பேசுவது என்று அறிந்த நயத்துக்கே இது பெரிதும் வழங்குகிறது. இப்பொருட்சுருக்கம் நேர்ந்த விதத்தையும் அதன் விளைவையும் புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மரக்காணம் கடற்கரையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆங்கிலத்தில் சுருங்கிய பொருள்

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்து மேட்டுக்குடியினரின் நாகரிக மொழியாக இருந்தது பிரெஞ்சு. தொழில்திறனைச் சொல்ல ‘கிராஃப்ட்’, ‘ஸ்கில்’ ஆகியவை ஆங்கிலத்தில் முன்பே வேரூன்றியிருந்தன. ஆகவே புதிதாக வந்த தொடருக்கு விருந்தறையே இடமாயிற்று. வால்டர் ஸ்காட் 1815-இல் வெளியிட்ட ‘கை மேனரிங்’ நாவலில் இத்தொடர் ஆளப்படுகிறது. யுனெஸ்கோவின் 2003-ஆம் ஆண்டு மரபுரிமை உடன்படிக்கையிலும் இந்த வேறுபாடு தெரிகிறது: பிரெஞ்சு வடிவில் ‘சவுவார்-ஃபேர்’ நிற்குமிடத்தில் ஆங்கில வடிவில் ‘ஸ்கில்ஸ்’ நிற்கிறது.

புதுச்சேரியில் பிரியாத பொருள்

1747-இல் பிரெஞ்சியர் ஆண்ட புதுச்சேரியின் தலைமைத் துபாஷி (மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகரும்) ஆன ஆனந்தரங்கப் பிள்ளையிடம் இரு பொருள்களும் ஒன்றாகவே இருந்தன. துணி வணிகத்தின் கொள்முதலும் கணக்கும் அவருக்கு அத்துப்படி; கவர்னர் துய்ப்ளேயின் மனநிலை அறிந்து பேசவும் தெரியும். 1736 முதல் 1761 வரை நீளும் அவருடைய தமிழ் நாட்குறிப்பில் சரக்கு விலையும் சபை மரியாதையும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. சபைநயம் அவருக்குத் தொழிலின் ஒரு பகுதி.

உப்பளத்தின் அறிவு

‘கை மேனரிங்’ வெளியான 1815-இல், மார்ச் 7 அன்று, லண்டனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் உப்பை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்குப் போனது. ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் ஈடு. 1818 ஒப்பந்தம் புதுச்சேரிப் பகுதியில் உப்பு உற்பத்தியையே நிறுத்தியது. வடக்கே, 1805 முதல் சென்னை அரசின் உப்பு ஏகபோகத்துக்கு உட்பட்டிருந்த ஆங்கிலேயர் எல்லையில் இருந்தது மரக்காணம். அங்கே இன்றும் உப்பு விளைகிறது.

உப்புப் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினால்தான் உப்பில் சேறு கலக்காது. பிரெஞ்சு வேதியியலர் அன்துவான் போமே வகுத்த அளவையில் கடல்நீரின் அடர்த்தி சுமார் 3.5 பாகை. அது 25-ஐ நெருங்கும்போது உப்பு படியத் தொடங்கும். 29-ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். எப்போது நீர் பாய்ச்சுவது, எப்போது வாருவது, எஞ்சிய நீரை எப்போது வெளியேற்றுவது என்ற முடிவுகளில்தான் வெள்ளாமை நிற்கிறது. பிரெஞ்சுப் பொருளில் இதுவே முழுமையான சவுவார்-ஃபேர்.

முடிவுரை

சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணமாக அடையாளம் காண்போர் உண்டு. அங்கே பாணரை வரவேற்றுத் தேறலும் சுட்ட மீனும் தருவோர் பரதவர். கடலில் உழைக்கும் குடியே விருந்தோம்பலும் அறிந்த குடியாக அங்கே காட்டப்படுகிறது. நயத்தை மேட்டுக்குடியின் தனிச்சொத்தாகக் கொள்ளும் வழக்கம் இப்பார்வைக்கு அயலானது. உப்பளத்தாரைக் கூலியாட்களாக மட்டும் கணக்கில் எழுதுவதும் அதே தவற்றின் மறுபக்கம். யுனெஸ்கோ உடன்படிக்கையை 2005-இல் ஏற்ற இந்தியா, மரக்காணத்தின் தொழிலறிவை அத்தொழிலாளர்களின் சொற்களிலேயே ஆவணப்படுத்த வேண்டும்.